ஆழ்வார்குறிச்சியில எங்கன?

நான் ஏமாந்த கதையைச் சொல்வதற்கு முன்னால், நான் எவ்வளவு விவரமானவன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கதையில் ருசி இருக்காது.

பெயர் கைலாசம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பள்ளியின் நுகர்வோர் மன்றத்துக்கும் நான்தான் பொறுப்பு. வேறு யாரும் கை தூக்காததால் கிடைத்த பதவி அது என்றாலும், கிடைத்த பிறகு அதை நான் சாதாரணமாக விடவில்லை. மாதம் ஒரு வியாழக்கிழமை, கடைசிப் பீரியடில், தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைப்பவன், பாலில் மாவைக் கலக்குகிறவன் என்று ஒவ்வொரு திருடனாக நடித்துக் காட்டுவேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அதில் பேர்போன பேச்சு, பழைய சாமான் விற்கிறவர்கள் ஏமாறாமல் இருப்பது எப்படி என்பது. வாங்க வருகிறவனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டும். முகவரியை எழுதி வாங்க வேண்டும். பணம் கைக்கு வருகிறவரை சாமான் மேசையை விட்டு அசையக் கூடாது. எங்கள் தச்சநல்லூர்த் தெருவில் ஜமீலா பீவி தன் பழைய தையல் மிஷினை விற்றபோதுகூட என் யோசனையைக் கேட்டுத்தான் விற்றார். அந்த அளவுக்கு நான் பெரிய ஆள்.

எங்கள் வீட்டில் ஒரு டெக் இருந்தது. வீடியோ கேசட் போட்டுப் படம் பார்க்கிற டெக். என் மனைவி விஜயஸ்ரீயின் தம்பி மஸ்கட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது. ஒரு காலத்தில் லீவு நாளென்றால் தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். அப்புறம் கேபிள் வந்தது. டெக்கின் மேல் குரோஷா விரிப்பு வந்தது. விரிப்பின் மேல் பிளாஸ்டிக் பூச்சட்டி வந்தது.

"பூச்சட்டி வைக்க ஜப்பான் சாமான் எதுக்கு? வித்துப் போடுங்க," என்றாள் விஜயஸ்ரீ.

டெக்கைக் கெடுத்த கேபிளிலேயே விளம்பரம் கொடுத்தேன். சாயங்காலப் படத்தின் அடியில் எழுத்து ஓடும் அல்லவா, அதில். கதாநாயகி புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு அழும்போது அவள் கன்னத்தின் மேலேயே எங்கள் டெக் 'நல்ல நிலையில் உள்ளது' என்று ஊர்ந்து போயிற்று. எங்களிடம் போன் கிடையாது. பக்கத்திலுள்ள இசக்கியப்பன் அண்ணாச்சி பலசரக்குக் கடை நம்பரைத்தான் போட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவன் வந்தான். முப்பது வயதிருக்கும். இஸ்திரிப் பெட்டி போட்ட சட்டை, நெற்றியில் சன்னமாக விபூதி. செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றி, திரும்பிப் போகும்போது காலை நுழைக்க வசதியாக வெளிப்பக்கம் பார்த்து வைத்தான். இந்த ஒழுங்கைப் பார்த்தே நான் பாதி விழுந்துவிட்டேன் என்றாலும், விதிப்படி அவனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி விசாரணையைத் தொடங்கினேன்.

"எந்த ஊரு?"

"ஆழ்வார்குறிச்சிப் பக்கம், அண்ணாச்சி."

உள்ளே அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. விஜயஸ்ரீக்கு அம்பாசமுத்திரம். அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர் எது காதில் விழுந்தாலும் அவளுக்கு அடுப்பில் இருப்பது மறந்துபோகும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஆழ்வார்குறிச்சியில எங்கன?"

"கோயில் பக்கம்."

"கோயில் பக்கம்னா, கீழத்தெருவா?"

"அதையொட்டித்தான்."

"அப்ப எங்க கோமதி சித்தி வீடு தெரிஞ்சிருக்குமே! வாசல்ல பெரிய வேப்பமரம் நிக்கும்."

"வேப்பமரம் தெரியாம இருக்குமா?"

"அதுக்கு அடுத்த வீட்லதான சித்தியோட ஓர்ப்படியா இருக்காவ, செல்லம்மா பெரியம்மை. நீங்க அவுக மகனா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

"ஏ யப்பா! பாலசுப்பிரமணியனா நீ? மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்ச பயலா இது? உன்னை வீட்ல பாலுன்னுதான கூப்பிடுவாவ?"

"பாலுன்னு கூப்பிட்டாலும் திரும்பிப் பாப்பேன்க்கா," என்றான்.

பிற்பாடு இந்த விசாரணையை ஒரு வழக்கறிஞரைப் போல எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கோயில் இல்லாத ஊர் உண்டா? வேப்பமரத்தைத் தெரியாதவன் உண்டா? வீடு, தெரு, தாயார், பெயர் எல்லாவற்றையும் நாங்கள்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தோம். பெண் வீட்டார் சீர் வைப்பதைப் போல. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கேட் திறந்தது. நாற்காலி வந்தது. இட்லியும் எள்ளுப்பொடியும் வந்தன. கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டிய ஆள் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, "எண்ணெய் இன்னும் கொஞ்சம் விடுங்கக்கா," என்றான். நான் அவனுக்கு அத்தான் ஆகிவிட்டிருந்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அவன் பர்ஸை எடுத்தான். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், எடுத்தான். நான் பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன்.

"சொந்தத்துக்குள்ள என்ன அவசரம்? கொண்டுபோயி உங்க வீட்டு டி.வி.யில மாட்டிப் பாரும். படம் ஓடலைன்னா நாளைப்பின்ன ஒரு பேச்சு வந்துரக் கூடாது."

"இல்ல அத்தான், அட்வான்சாவது..."

"உள்ள வையும் வே!"

வைத்தான். அந்தப் பர்ஸுக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். அதைத் திறக்கவிடாமல் மூடியது என் கை. முகவரி? சொந்தக்காரனிடம் போய் முகவரி கேட்டால், 'எங்க வீடு உங்களுக்குத் தெரியாதோ?' என்று அது தலைமுறைப் பகையாகிவிடாதா? விஜயஸ்ரீ டெக்கைப் பழைய துண்டில் பிள்ளையைப் போலச் சுற்றினாள். செல்லம்மா பெரியம்மைக்கு என்று ஒரு பை நிறையக் கூழ்வற்றல் கொடுத்தாள். அவனுடைய மொபெட்டின் பின்னால் டெக்கை வைத்துக் கயிற்றால் கட்டியதும் நான்தான். முடிச்சை நன்றாக இறுக்கினேன். வழியில் விழுந்துவிடக் கூடாதே.

சில வாரங்கள் கழித்து அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிரே கோமதி சித்தி. விஜயஸ்ரீ ஆசையாகக் கேட்டாள்.

"பாலு வீட்ல டெக்கு நல்லா ஓடுதா சித்தி?"

"எந்தப் பாலு? செல்லம்மா அக்கா மகனா? அவன் பம்பாய்க்குப் போயி எத்தனை வருசமாச்சு. போன தீபாவளிக்கு வந்தான், தலையில ஒரு முடி இல்ல, பாவம்."

எங்கள் வீட்டுக்கு வந்தவனுக்கு முடி இருந்தது. நிறையவே இருந்தது.

திரும்பி வரும் பஸ் சேரன்மகாதேவியைத் தாண்டியது. அப்புறம் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"யார்ட்டயும் சொல்லாதீங்க."

"நான் எதுக்குச் சொல்லுதேன்? எல்லாம் உங்க சித்தி வீட்டு வேப்பமரத்தால வந்த வினை."

"பர்ஸை மூடினது யாரு? வேப்பமரமா?"

கணக்கு சரியாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே மனதாக எடுத்த முதல் முடிவு அதுதான். யார் கேட்டாலும், சொந்தக்காரருக்குக் கொடுத்தாச்சு என்று சொல்லிவிட வேண்டும். போலீசுக்குப் போகலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அங்கே எழுதுகிறவர், என் பேச்சைக் கேட்ட ஒரு பையனின் அப்பாவாக இருந்து தொலைத்தால்?

தெருவில் அந்தப் பொய் சுலபமாகச் செலவாயிற்று. "மாப்பிள்ளை முறை வேணும். வீட்ல இட்லி தின்னுட்டுத்தான் போனான். தங்கமான பையன்," என்று இசக்கியப்பன் அண்ணாச்சியிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சிக்கல் பள்ளிக்கூடத்தில்தான் வந்தது.

சாரம்மாள் டீச்சர் எங்கள் பள்ளியில் அறிவியல் எடுப்பவர். ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து மேசை. பாளையங்கோட்டையிலேயே வீடு. கணவர் இல்லை, மகன் ஹெப்ரான் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான். ஒருநாள் கையில் ஒரு கேசட்டோடு வந்தார்.

"எங்க அக்கா மக ஸ்டெபி கல்யாணக் கேசட் சார். காய்ச்சல்ல கிடந்ததால கல்யாணத்துக்கே நான் போகல. உங்க டெக்கை ஒரு நாளைக்குக் கொடுத்தீங்கன்னா பாத்துட்டுத் தந்துருவேன்."

"டெக்கைச் சொந்தக்காரருக்குக் கொடுத்துட்டேனே டீச்சர். பாலசுப்பிரமணியன்னு, ஆழ்வார்குறிச்சியில."

"இந்தா இருக்கிற ஆழ்வார்குறிச்சிதானே? ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிக் கொடுங்களேன்."

"அது... அவரு பிள்ளைக்கு உடம்பு சரியில்ல. இந்த நேரத்துல போயி எப்படிக் கேக்க?"

"ஐயோ! என்ன உடம்புக்கு?"

"மஞ்சக்காமாலை," என்றது என் வாய். என்னைக் கேட்காமலே சொன்னது.

"பிள்ளை பேரு?"

மேசை மேல் எட்டாம் வகுப்பு அட்டெண்டன்ஸ் திறந்து கிடந்தது. கண்ணில் பட்ட பெயரைச் சொன்னேன்.

"பிருந்தா."

கேசட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அவர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து காலை மணி அடித்ததும் எனக்கு முதல் கேள்வி, "பிருந்தா எப்படி இருக்கா சார்?" என்பதுதான். நானும் கண்ணில் மஞ்சள் கொஞ்சம் குறைந்திருக்கிறது, கஞ்சி குடிக்கிறாள் என்று நாளொரு தகவல் கொடுத்தேன். இல்லாத பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பது லேசான காரியம் இல்லை. நேற்றுச் சொன்னது இன்று நினைவிருக்க வேண்டும். ஒருநாள் வீட்டுக் கொல்லையில் வேரோடு பிடுங்கிய கீழாநெல்லியை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். அதைத் தூரப் போட மனம் வரவில்லை. வீட்டில் விஜயஸ்ரீ அரைத்து மோரில் கலக்கினாள். ஆளுக்குப் பாதி குடித்தோம்.

"மஞ்சக்காமாலைக்கு இது. பொய்க்குக் கேக்குமா?" என்று கேட்டாள்.

கேட்கவில்லை. இனியும் தாங்காது என்று ஒரு திங்கட்கிழமை பிருந்தாவைக் குணப்படுத்திவிட்டேன். "மஞ்சள் முழுசா இறங்கிருச்சு டீச்சர்!" என்றேன். சாரம்மாள் டீச்சர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்," என்றார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு. நான் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு, மணி அடிக்காத வகுப்புக்கு ஓடினேன்.

விவகாரம் அதோடு ஒழிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஹெப்ரான் படிக்கும்போது டீச்சர் பி.எஃப். கடன் போட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். தனி அறை, மேலே பூவேலை செய்த விரிப்பு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இப்போது அவன் பெங்களூரில் புதிது வாங்கப் போகிறானாம்; பழசை நல்ல விலை இருக்கும்போதே விற்றுவிடச் சொல்லிவிட்டான்.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல சார். நீங்கதான் உஷாரான ஆளு. எப்படி விக்கணும்னு சொல்லுங்க. ஏமாந்துட்டேன்னா பிள்ளை முகத்துல முழிக்க முடியாது."

வியாழக்கிழமைப் பேச்சு முழுவதையும் அவருக்கு ஒப்பித்தேன். கேட், முகவரி, பணம். அவரும் சமர்த்துப் பிள்ளையைப் போலத் தலையாட்டினார். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைத் தவிர. வருகிறவன் ஊர்ப் பெயரைச் சொன்னால், அந்த ஊரில் எங்கே என்று கேட்டு நீங்களே பதிலையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். நான் சொந்தமாகக் காசு கொடுத்துக் கற்றது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் பத்திரிகையில் படித்தது. அது தொண்டைவரை வந்தது. சொன்னால், 'அது எப்படி சார் உங்களுக்குத் தெரியும்?' என்று கேட்பார். விழுங்கிவிட்டேன்.

அவர் தன் பகுதிக் கேபிளில் விளம்பரம் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை இசக்கியப்பன் அண்ணாச்சி கடையிலிருந்தே கூப்பிட்டார். "சார்வாள்! போனு! பாளையங்கோட்டையில இருந்து ஒரு டீச்சரம்மா!"

பனியனும் துண்டுமாகப் போனேன். கல்லாவுக்கும் தராசுக்கும் நடுவில் போன். அண்ணாச்சி துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். ஜமீலா பீவி தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது நான் சொல்லிக் கொடுத்தது.

"சார், நல்ல செய்தி!" சாரம்மாள் டீச்சர் குரல் துள்ளிற்று. "கம்ப்யூட்டர் கேட்டு ஒருத்தர் வந்திருக்கார். நீங்க சொன்னபடியே கேட்லதான் நிறுத்தினேன். எந்த ஊர்னு கேட்டேன். ஆழ்வார்குறிச்சிப் பக்கம்னார். அங்கன எங்க கைலாசம் சாருக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, பாலசுப்பிரமணியன்னு, சார்ட்ட டெக்கு வாங்கினவர்னு சொன்னேன். பாத்தா, அவரே இவர்தான் சார்! எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. பிருந்தா சொகமா இருக்காளாம்!"

தராசுத் தட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தேன்.

"நம்ம ஆளாச்சே, பணத்தைப் பைய கொடுங்கன்னுட்டேன். ஆட்டோகூட வந்தாச்சு. இருந்தாலும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா மனசுக்குத் திருப்தி. இந்தாங்க, அவர்ட்ட பேசுங்க."

"அத்தான்!" அதே குரல். "நல்லா இருக்கீயளா? அக்கா சொகமா?"

"நல்லா இருக்கோம்," என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். நலம் கேட்டால் நலம் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். திருடன் கேட்டாலும் நாக்கு முந்திக்கொள்கிறது.

"டீச்சர் எல்லாம் சொன்னாவ அத்தான்." அவன் குரல் தணிந்தது. மிரட்டல் இல்லை அதில். ஒரு ஆச்சரியம் இருந்தது. "எம் பிள்ளைக்குச் சொகமில்லைன்னு நீங்க ரொம்பக் கவலைப்பட்டீயளாம்." கொஞ்சம் நிறுத்தினான். "வத்தல் நல்லா இருந்துச்சுன்னு அக்காட்ட சொல்லுங்க."

மறுபடியும் டீச்சர். "என்ன சார், கொடுத்து அனுப்பிரட்டுமா?"

அண்ணாச்சி பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நூல் சுற்றும் சத்தம்கூடக் கேட்கிற அளவுக்குக் கடை அமைதியாக இருந்தது. 'ம்' என்று ஒரு எழுத்துச் சொன்னால் போதும். தச்சநல்லூரிலேயே விவரமான ஆளாக நான் வீடு திரும்பலாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் ஒரு புதுப் பொய்தான் நாக்கில் தயாராக நின்றது: 'அவசரப்படாதீங்க டீச்சர், நான் நேர்ல வாறேன்.' நான் பஸ் பிடித்து, ஆற்றுப் பாலம் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் அந்த ஆட்டோ எங்கே நிற்கும் என்று கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா? பூவேலை செய்த விரிப்பு மட்டும் அந்த அறையில் கிடப்பது கண்ணில் தெரிந்தது.

"கொடுக்காதீங்க டீச்சர்," என்றேன்.

"என்ன சார்? கொரகொரங்குது. சத்தமாச் சொல்லுங்க."

"கொடுக்காதீங்க! அவன் எங்க சொந்தக்காரன் இல்ல!"

"சொந்தக்காரருக்கு என்ன?"

டெலிபோன் இலாகா எனக்கென்று அன்றைக்குப் பார்த்து அப்படி ஒரு லைனைக் கொடுத்திருந்தது. கையைக் குவித்துக்கொண்டு கத்தினேன். "எங்க டெக்கைத் தூக்கிட்டுப் போனவன் டீச்சர்! நான் ஏமாந்துட்டேன்! என்னைய ஏமாத்திட்டான்!"

கடைக்கு வெளியே சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

அந்தப் பக்கம் ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம். "தம்பி, செத்த இருங்க," என்ற குரல். நாற்காலி நகர்ந்தது. கேட் கிறீச்சிட்டது. ஆட்டோக்காரர் யாரையோ பார்த்து, "வாடகை யாருவே தருவா?" என்று கத்துவது தூரத்தில் கேட்டது. பிறகு மூச்சிரைத்துக்கொண்டு டீச்சர் வந்தார்.

"போயிட்டான் சார். செருப்பைக் கையில எடுத்துட்டு ஓடுதான். கம்ப்யூட்டர் அப்படியே இருக்கு."

"நல்லவேளை டீச்சர்."

"ஆமா." மூச்சு ஒரு நிலைக்கு வந்தது. "அப்ப பிருந்தா?"

நான் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"அவன் பிள்ளை இல்லைன்னா, அது யாரு பிள்ளை சார்?"

"யாரு பிள்ளையும் இல்ல டீச்சர்."

"காமாலை?"

"நானாச் சொன்னது."

"கீழாநெல்லி?"

"நாங்கதான் குடிச்சோம்."

அவர் போனை வைத்துவிட்டார். பட்டென்று வைத்திருந்தால்கூடத் தேவலை. பைய வைத்தார்.

திரும்பினேன். ஜமீலா பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "யா அல்லா! தையல் மிஷினுக்கு எனக்கு அவ்வளவு பாடம் எடுத்தீங்களே சார்," என்றார். கேலியாகச் சொன்னாரா, இரக்கமாகச் சொன்னாரா, இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இசக்கியப்பன் அண்ணாச்சி பொட்டலத்தை நீட்டிக்கொண்டே, "தங்கமான பையன்னீரே வே!" என்றார். சார்வாள் போய் 'வே' வந்திருந்தது. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேபிள்காரன்ட்டச் சொல்லி எழுத்து ஓடவிட்டு ஆளை அமுக்கியிருப்போம்லா. இன்னும் எத்தனை பேரு வீட்ல இட்லி தின்னானோ."

நான் தலையைக் குனிந்துகொண்டு கடைப்படியை விட்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் நல்ல திட்டு விழும் என்று எதிர்பார்த்துப் போனேன். விழவில்லை. சாரம்மாள் டீச்சர் சிவப்பு மையால் நோட்டுகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். காலை மணி அடித்தது. யாரும் யாரையும் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாத காலை அவ்வளவு நீளமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே பேசினார்.

"ஏமாந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல சார். கேட்ல நிக்க வச்சே நானும் ஏமாறத்தான் இருந்தேன். ஆனா பிள்ளைக்கு மஞ்சள் இறங்கிருச்சுன்னு சொன்னீங்கல்ல, அந்த ஞாயித்துக்கிழமை கோயில்ல நான் ஸ்தோத்திரக் காணிக்கை வச்சேன். கவர்ல பேரு எழுதி வச்சேன், பிருந்தா, ஆழ்வார்குறிச்சின்னு. எங்க பாஸ்டர் நேசையா ஐயர் பீடத்துல நின்னு வாசிச்சாங்க. அத்தனை பேரும் ஆமென் சொன்னாங்க சார்."

எங்கள் பள்ளிக்கூட மைதானத்தை நிறைக்கிற அளவு ஆட்கள் கோயிலில் நின்றுகொண்டு, இல்லாத ஒரு பிள்ளைக்காக ஆமென் சொல்வது என் கண்முன் வந்தது. என் டெக்கைக் கொண்டுபோனவன் ஒரு வீட்டைத்தான் ஏமாற்றினான். நான் ஒரு சபையையே ஏமாற்றியிருக்கிறேன். அதுவும் இட்லிகூடத் தின்னாமல்.

"இப்ப அதை எப்படித் திருப்பி எடுக்க?" என்றார்.

"நான் என்ன செய்யட்டும் டீச்சர்?"

"வர்ற ஞாயித்துக்கிழமை வாங்க. ஐயர்ட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நான் பொய் சொன்னதா ஆயிரும்."

வீட்டில் சொன்னேன். விஜயஸ்ரீ தானும் வருவதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"நாம என்ன கல்யாணத்துக்கா போறோம்?"

"பொய் சொன்னது நீங்க. நான் எதுக்கு அழுக்குச் சேலையில வரணும்?" பஸ் ஏறிய பிறகு பைய, "பாலுன்னு பேரு வச்சது நான்தான். அதுக்குத்தான் வாறேன்," என்றாள்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். எல்லாரும் எழுந்தபோது எழுந்தோம், உட்கார்ந்தபோது உட்கார்ந்தோம். ஒருமுறை எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். ஆராதனை முடிந்ததும் நேசையா ஐயர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து அனுப்பினார். வரிசை நகர்ந்தது. வாசல் தூணுக்குப் பக்கத்தில் சாரம்மாள் டீச்சர் நின்றார்.

"ஐயா, இவங்கதான் கைலாசம் சார். எங்க ஸ்கூல்," என்றார். மீதியை எனக்கு விட்டுவிட்டார்.

ஐயர் முகம் மலர்ந்தது. என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "ஓ! அந்த ஆழ்வார்குறிச்சிப் பிள்ளை உங்க சொந்தம்லா? பிருந்தா! சொகமா இருக்காளா?"

'நல்லா இருக்கா' என்பது பல்வரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் எல்லாரும் சிரித்த முகமாக வீட்டுக்குப் போகலாம். விஜயஸ்ரீ என் முழங்கையைப் பிடித்தாள்.

"அப்படி ஒரு பிள்ளை இல்லைங்கய்யா," என்றேன். "நான் சொன்ன பொய். டெக்கு விக்கப் போயி ஏமாந்துட்டேன். அதை மறைக்கச் சொன்னது."

பின்னால் வரிசை நின்றுவிட்டது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் காதை முன்னால் நீட்டினார். சாரம்மாள் டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னது அவரே என்பதைப் போல அவர் முகம் சிவந்திருந்தது. அந்த வாரம் முழுவதும் நான் பட்ட வெட்கமெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு முகத்துக்கு ஈடாகாது. "மன்னிச்சிருங்க டீச்சர்," என்றேன். அவர் நிமிரவில்லை. ஆனால் நகர்ந்து போகவும் இல்லை.

ஐயர் என் கையை விடவில்லை. என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். பத்துக் கட்டளைகளில் ஒன்றை எடுத்து என் தலையில் போடப் போகிறார் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டேன்.

"நீங்க எந்த ஊரு?" என்றார்.

"தச்சநல்லூர்ங்கய்யா."

"தச்சநல்லூர்ல எங்கன?"

அவர் அடுத்ததை எடுத்துக் கொடுக்கக் காத்திராமல் நானே சொன்னேன். தெருப் பெயர், இசக்கியப்பன் அண்ணாச்சி கடையிலிருந்து எத்தனையாவது வீடு, அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் வேப்பமரம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.